20 கிலோவில் தொடங்கிய கால்

முதல் நாள் 20 கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோகூடக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எடை பார்க்கும் மெஷினை ஒரு முக்காலி மேல் வைத்து, அதில் என் இடது தொடையை ஊன்றினேன். தொடையின் நுனியிலிருந்து டைட்டானியம் தண்டு ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பயிற்சிக் கட்டை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. முள் 12-க்கு வந்தது, 15-க்கு வந்தது, 20-ஐத் தொட்டதும் அப்படியே நிறுத்தினேன். எலும்புக்குள் ஆழத்தில், இடுப்பு மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, மந்தமாக ஒரு வலி. கண் கலங்கிவிட்டது. காரணம் அந்த வலி இல்லை. 16 வருடங்களில் என் எடை அந்தத் தொடை எலும்பு வழியாகக் கீழே இறங்கியது அன்றுதான் முதல் முறை.

எனக்கு 25 வயதில் சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்கு மேலே போனது. அதன் பிறகு 16 வருடங்கள் சாக்கெட் வைத்த செயற்கைக் காலில்தான் நடந்தேன். சாக்கெட் என்றால் கோப்பை மாதிரி ஒன்று. மிச்சமிருக்கும் தொடையை, அதாவது ஸ்டம்ப்பை, அதற்குள் இறக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால் வெளியே உள்ள காற்றின் அழுத்தமே காலைப் பிடித்துக்கொள்ளும். நான் இயற்பியல் ஆசிரியை. வளிமண்டல அழுத்தம் நடத்தும்போது என் காலையே உதாரணமாகச் சொல்வேன், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

வகுப்பில் சொல்லாத பகுதியும் உண்டு. வேர்த்தால் அந்தப் பிடி தளரும். 2 கிலோ எடை கூடினால் கால் உள்ளே போகாது, 2 கிலோ குறைந்தால் உள்ளே சுழலும். மகள் பிறந்த வருடத்தில் மட்டும் 3 சாக்கெட் மாற்றினோம். கோப்பையின் மேல் விளிம்பு தொடை இடுக்கில் அழுத்துவதால் நாற்காலியில் நேராக உட்கார முடியாது, ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார வேண்டும். கழிப்பறையில் அதைவிடக் கஷ்டம். இதையெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். என்னை ஓயவைத்தது தோல்தான். உராய்ந்த இடத்தில் கொப்புளம் வரும். அது உடைந்து புண்ணாகும். புண் ஆறும்வரை காலை மாட்ட முடியாது, ஊன்றுகோல்தான். ஆறியதும் மறுபடி மாட்டினால் அதே இடத்தில் அடுத்த கொப்புளம். ஒரு கல்வியாண்டில் 31 நாள் ஊன்றுகோலில் வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் எழுத ஒரு கையாவது வேண்டும் அல்லவா? ஒரு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

ஒவ்வொரு அடியிலும் நான் உணர்ந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. சாக்கெட்டுக்குள் தொடை எலும்பு சும்மா இருக்காது. சுற்றிலும் இருப்பது தசையும் கொழுப்பும்தானே, அதற்குள் எலும்பு அசையும். தொடையை முன்னால் வீசும்போது முதல் பாதி விசை அந்தச் சதையை நசுக்குவதிலேயே போய்விடும், மிச்சம்தான் காலுக்குப் போய்ச் சேரும். ஈரமண்ணில் நட்ட கம்பத்தை ஆட்டிப் பாருங்கள், அதுதான். எலும்புக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் இந்தக் குழைவை எடுத்துவிட முடியாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு ஒரு வழி இருந்தது: எலும்புக்குள்ளேயே டைட்டானியத்தைப் பதித்து, செயற்கைக் காலை நேராக அதில் மாட்டிவிடுவது. எனக்குத்தான் தெரியவில்லை.

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்கள் இந்த வழியை ஏற்கெனவே வாயில் வைத்திருக்கிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். உடல் அந்தப் படலத்தை அந்நியப் பொருளாக ஒதுக்குவதில்லை, எலும்பு செல்கள் நேராக அதன் மேலேயே வளரும். 1965-ல் ஒரு மனிதரின் தாடையில் பல்லுக்காக இதைச் செய்தார். தொடை எலும்பில் முதல் முறையாகச் செய்தது 1990-ல், கோதன்பர்க்கில். அவருடைய மகன் ரிக்கார்ட் பிரோனெமார்க் எலும்பு அறுவை மருத்துவர். கை, கால் இழந்தவர்களுக்கு இதை ஒரு முழு சிகிச்சையாக வளர்த்தவர் அவர்தான்.

என் அறுவை அந்த ஸ்வீடன் வழி, திருகு வகை. இதை இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதல் கட்டத்தில் தொடை எலும்பின் நடுக் குழிக்குள் மரை போட்ட டைட்டானியம் உருளையைத் திருகி இறக்கி, தோலை மூடித் தைத்துவிடுவார்கள். அப்புறம் சுமார் 6 மாதம் எலும்பு அதைச் சுற்றி வளரக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் மறுபடி திறந்து, அந்த உருளையோடு இணையும் ஒரு தண்டை தோல் வழியாக வெளியே கொண்டுவருவார்கள். இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் மரை கிடையாது. சொரசொரப்பான நீளத் தண்டை எலும்புக் குழிக்குள் இறுக்கமாக அடித்து இறக்குவார்கள். 1999-ல் ஜெர்மனியில் தொடங்கியது. ஈராக்கிலிருந்து தப்பிப் படகில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த முன்ஜெத் அல் முதெரிஸ் என்ற அறுவை மருத்துவர் சிட்னியில் அந்த வகையை வளர்த்தெடுத்தார். அதில் பல பேருக்கு ஒரே அறுவையில் வேலை முடிந்துவிடுகிறது, எடை ஊன்றுவதும் சீக்கிரமே தொடங்குகிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை எலும்பின் நீளத்தையும் உட்குழியின் அகலத்தையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் அறுவைக்குப் பிறகு வந்த 6 மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தையல் ஆறியதும் பழைய சாக்கெட்டையே சரிசெய்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். உள்ளே ஏதோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் எப்போதும் இருந்தது.

இரண்டாவதுதான் கடினம், தோல் சம்பந்தப்பட்டது என்பதால். நம் உடம்பில் தோலைத் துளைத்துக்கொண்டு கடினமான எதுவும் வெளியே வருவதில்லை. பல்லும் நகமும்தான் விதிவிலக்கு, அவற்றைச் சுற்றி இயற்கையே இறுக்கமான ஓரம் கட்டி வைத்திருக்கிறது. மானின் கொம்பையும் அப்படித்தான் தோல் நன்றாகப் பற்றிக்கொண்டிருக்கும். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் மான் கொம்பைச் சுற்றியுள்ள தோலை ஆராய்ந்து, அதைப் பார்த்தே ஓர் இம்ப்ளான்ட் வடிவமைத்தார்கள். உலோகத் தண்டை நம் தோல் அப்படிப் பற்றுவதில்லை. அதனால் எனக்கு என்ன செய்தார்கள் என்றால், தண்டு வெளிவரும் இடத்துத் தோலின் அடியில் உள்ள கொழுப்பை எடுத்து, முடிவேர்கள் இல்லாத அளவுக்குத் தோலை மெலிதாக்கி, எலும்பின் வெட்டு முனை மேலேயே ஒட்டினார்கள். தோல் அசையாமல் இருந்தால் கிருமி உள்ளே போவது குறையும் என்பது கணக்கு. ஒட்டிய தோல் பிடிக்கும்வரை சில நாட்கள் தொடையை அசைக்கவே விடவில்லை.

அதற்கப்புறம்தான் எடை மெஷின். வாரத்துக்கு 10 கிலோ கூட்டலாம். நாளைக்கு இரண்டு வேளை. வலிக்கு நாமே 10-க்கு மார்க் போட வேண்டும், 5-ஐத் தாண்டினால் அந்த எடை அன்றைக்கு நமக்கு ஆகாது. கீழே இறங்கிவிட வேண்டும். ஏன் இவ்வளவு நிதானம் என்று நான் கேட்டேன். இந்த அறுவை தொடங்கிய 1990-களில் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் பயிற்சி இருந்ததாம். 1999-ல்தான் அறுவை, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். எலும்பு ஒட்டியிருந்தாலும் அது 16 வருடம் சுமையே பார்க்காத எலும்பு. சுமை வராத எலும்பு மெலிந்து போகும், மெதுவாகச் சுமை ஏற்றினால் மறுபடி தடிக்கும். அவசரப்பட்டால் பிடி விடும்.

நான் அவசரப்பட்டேன். 40 கிலோ வாரத்தில் வலி 7. பிசியோதெரபிஸ்டிடம் 5 என்று சொன்னேன். மறுநாள் 8. பொய் சொன்னதை ஒத்துக்கொண்டபோது அவர் கோபப்படவில்லை. "மெஷின் எடையைத்தான் காட்டும், வலியை நீங்கதான் காட்டணும்" என்று மட்டும் சொன்னார். 30-க்கு இறங்கி இரண்டு வாரம் அங்கேயே நின்றேன். என் எடை 58. அதை எட்ட 7 வாரம் ஆனது. தினமும் சாயங்காலம் தம்பி போன் பண்ணி முதலில் கேட்பது, "அக்கா, இன்னைக்கு எத்தனை கிலோ?" 30-க்குத் திரும்பிய அன்று அந்த போனை நான் எடுக்கவில்லை.

முழுக் காலை மாட்டிய பிறகும் இரண்டு ஊன்றுகோல், அப்புறம் ஒன்று, அப்புறம் வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் இல்லாமல். இரண்டாவது அறுவையிலிருந்து கணக்குப் போட்டால், கையில் எதுவும் இல்லாமல் பள்ளிக்குப் போக 8 மாதம். முழங்காலும் பாதமும் பழைய செயற்கைக் காலில் இருந்தவைதான், சாக்கெட் மட்டும் போய்விட்டது. காலையில் காலைத் தண்டில் வைத்து அறுகோண சாவியால் ஒரு திருகு. அரை நிமிடம்கூட ஆகாது. ஒரே திசையில்தான் பொருந்தும் என்பதால் பாதம் எப்போதும் நேராகவே இருக்கும். சாக்கெட் காலத்தில் பாதம் கோணலாக இருக்கிறது என்று மாணவிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியவரும்.

இப்போது தரையைப் பற்றி. இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. பாதம் படும் அதிர்வு உலோகம் வழியாக எலும்புக்கு வந்து, எலும்பு வழியாகவே உணரப்படும் என்றார். எலும்பு வழி உணர்வு. செயற்கைப் பாதத்தில் நரம்பு கிடையாது, தோல் கிடையாது, ஆனாலும் மரத்தரைக்கும் தரைவிரிப்புக்கும் வித்தியாசம் தெரிகிறது. சரளைக்கல் மேல் நடந்தால் தொடைக்குள் பொடிப்பொடியாக அதிர்கிறது. என் மகளுக்கு 9 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, பாதத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். "அம்மா, இப்ப?" மடித்த துண்டு. "இப்ப?" ஒன்றுமில்லை, வெறும் தரை. "இப்ப?" ஏதோ உருள்கிறது, பென்சிலா? பென்சில்தான். அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லாமல் என் செயற்கைப் பாதத்தைக் கையால் தட்டினாள். தட்டியது தெரிந்தது. "ரெண்டு தடவை தட்டினே" என்றேன். துணியை அவிழ்த்துவிட்டுப் பாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னவள் ஆவேன். இந்த அறுவையைப் பற்றி வரும் வீடியோக்கள் எல்லாம் நடப்பதைக் காட்டுகின்றன. துளையை யாரும் காட்டுவதில்லை. என் தொடை முனையில் மூடாத துளை ஒன்று இருக்கிறது, தண்டு உள்ளவரை அதுவும் இருக்கும். காலையிலும் இரவிலும் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஓரத்தில் படிந்ததை மெதுவாக எடுத்து, சுத்தமான துணியால் ஒற்ற வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும் கொஞ்சம் கசியும். அதிகம் நடந்த நாளில் கூடும். காய்ச்சலிலும் பயணத்திலும், தூக்கம் கண்ணைச் சுழற்றும் இரவிலும் கழுவித்தான் ஆக வேண்டும். பொது நீச்சல் குளம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடுவதும் குதிப்பதும் கூடாது.

இரண்டு வருடத்தில் எனக்கு 3 முறை துளையைச் சுற்றித் தொற்று வந்திருக்கிறது. சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும். மூன்று தடவையும் மாத்திரையிலேயே அடங்கியது. இப்படித் தோலோடு நிற்கும் தொற்று இந்த அறுவை செய்துகொண்டவர்களிடம் சாதாரணம். பயப்பட வேண்டியது எலும்புக்குள் போகும் தொற்றுக்கு. ஸ்வீடனில் தொடையில் இம்ப்ளான்ட் வைத்த 96 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 10 ஆண்டுக்குள் எலும்பில் தொற்று வரும் வாய்ப்பு 20 சதவீதம், அதனால் இம்ப்ளான்ட்டையே எடுக்க நேரும் வாய்ப்பு 9 சதவீதம். அறுவைக்கு முன் என் மருத்துவர் இந்த எண்களைத் தாளில் எழுதி என் பக்கம் நகர்த்தி வைத்தார். 5 பேரில் ஒருவர். என் வகுப்பில் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் 8 பேர் என்று மனதில் எண்ணிப் பார்த்தேன். அந்த 8 பேரில் ஒருத்தியாக இருந்தாலும் தாங்குவேனா என்று யோசிக்க எனக்கு 4 மாதம் ஆனது. அவர் அந்த 4 மாதமும் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. இவரிடமே செய்துகொள்ளலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான்.

வெளியே நீட்டும் தண்டும் தேயும், வளையும், சில பேருக்கு மாற்ற வேண்டிவரும். விழுந்தால் ஆபத்து அதிகம். முன்பு சாக்கெட் கழன்று விழும், இப்போது அந்தத் திருகல் நேராக எலும்புக்குப் போகும். அதனால் காலுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு பாதுகாப்புப் பொறி இருக்கிறது. அளவுக்கு மீறிய திருகல் வந்தால் அதுவே விட்டுக்கொடுத்துவிடும். எனக்கு ஒரு முறை மாடிப்படியில் அது விட்டது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

எல்லாருக்கும் இதைச் செய்ய மாட்டார்கள். ரத்தக்குழாய் அடைப்பால் காலை இழந்தவர்கள், சர்க்கரை நோயால் ரத்த ஓட்டமும் நரம்பும் கெட்டவர்கள், புகையை விட முடியாதவர்கள், எலும்பு வளர்ந்து முடியாத பிள்ளைகள் ஆகியோருக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள். சாக்கெட்டில் சௌகரியமாக நடப்பவர்களுக்கும் இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இல்லாத காலில் வரும் வலி இதனால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு இல்லாத கட்டைவிரல் இன்றும் சில இரவுகளில் வலிக்கிறது.

போன மாதம் வழக்கமான எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு இளைஞர், 27, 28 வயதிருக்கும், வலது கால் இல்லை. நான் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்க பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். முதல் அறுவைக்கு அவருக்குத் தேதி குறித்தாகிவிட்டதாம். எவ்வளவு தூரம் நடப்பேன், படி ஏறுவேனா, எத்தனை மாதத்தில் வேலைக்குப் போனேன் என்று வரிசையாகக் கேட்டார். கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம், துளையை யாராவது உங்களுக்குக் காட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நர்ஸிடம் கேட்டுப் பக்கத்து அறையைத் திறக்கச் சொல்லி, காலைக் கழற்றிக் காட்டினேன். அன்று கொஞ்சம் கசிந்துதான் இருந்தது, துடைக்காமல் அப்படியே காட்டினேன்.

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தயங்கி, "வாசனை வருமா அக்கா?" என்றார்.

சில நாள் வரும் என்றேன். நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.